75 டாலர் நெருப்பு

மாதம் பிறந்தால் பால் கணக்கு, பத்திரிகைக் கணக்கு, மின்சார பில் என்று எத்தனையோ பாக்கிகளைத் தீர்க்க வேண்டியிருக்கிறது. இவற்றில் ஒன்றை மறந்துபோனால் என்ன ஆகிவிடும்? மிஞ்சினால் இரண்டு நாள் விளக்கு எரியாது. அமெரிக்காவில் ஒரு குடும்பத்துக்கோ அப்படி மறந்ததில் வீடே போய்விட்டது!

டென்னஸி மாகாணத்தில் ஓபியான் என்று ஒரு ஜில்லா. அதில் கென்டக்கி எல்லையை ஒட்டினாற்போல் சவுத் ஃபுல்டன் என்ற சிறு நகரம் இருக்கிறது. 2010-ஆம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்குப்படி இரண்டாயிரத்துச் சொச்சம் பேர்தான். நகரம் என்று பெயரே தவிர, நம் கண்ணுக்கு அது ஒரு கிராமம். இருந்தாலும் சொந்தமாகத் தீயணைக்கும் படை வைத்திருந்தார்கள். நகர எல்லைக்குள் இருப்பவர்கள் கொடுக்கும் வரியில் அது நடந்தது. வெளியே பண்ணை வீடுகளில் இருப்பவர்கள் நகரத்துக்கு வரி கொடுப்பதில்லை. ஜில்லாவுக்கென்று தனிப் படையும் அப்போது கிடையாது. ஆகவே நகரசபை ஓர் ஏற்பாடு செய்திருந்தது. வருஷத்துக்கு 75 டாலர் சந்தா. கட்டினால் வண்டி வரும், கட்டாவிட்டால் வராது.

2010 செப்டம்பர் 29-ந் தேதி, ஒரு பண்ணை வீட்டில் குப்பை கொளுத்தியபோது நெருப்பு பரவிவிட்டது. வீட்டார் தோட்டத்து ரப்பர் குழாயைப் பிடித்துக்கொண்டு போராடினார்கள். டெலிபோனில் கூப்பிட்டால், சந்தா ஜாபிதாவில் பெயர் இல்லை என்று பதில் வந்தது. என்ன செலவானாலும் இப்போதே கொடுத்துவிடுகிறேன் என்று வீட்டுக்காரர் கெஞ்சினார். பலிக்கவில்லை.

இனிமேல்தான் விசித்திரம். தீ பக்கத்து நிலத்துக்குத் தாவியது. அந்த நிலத்துக்காரர் சந்தா கட்டியவர்! உடனே வண்டி வந்தது. நிலத்துத் தீயை அணைத்தார்கள். ஆனால் கண்ணெதிரே எரிந்துகொண்டிருந்த வீட்டின்மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விடவில்லை. வீடு தரைமட்டமாயிற்று. உள்ளே இருந்த மூன்று நாய்களும் ஒரு பூனையும் மாண்டன.

தேசம் முழுவதும் கொதித்தது. தீயணைப்போர் சங்கமே இது பொறுப்பற்ற காரியம் என்று கண்டித்தது. படித்தபோது எனக்கும் வயிறு எரிந்தது. ஆனாலும் நகரசபை கேட்ட கேள்வியை லேசாகத் தள்ளிவிட முடியாது. பற்றிக்கொண்ட பிறகு பணம் கட்டினால் போதும் என்றால் யார் முன்கூட்டிக் கட்டுவார்கள்? ஒருவருமே கட்டாவிட்டால் வண்டி ஏது?

வீட்டு பட்ஜெட் போடுகிற சகோதரிகளுக்கு இந்தக் கணக்கு எளிதில் புரியும். எரியும் கட்டிடத்துக்குள் இருவர் புகுந்தால் வெளியே இருவர் ஆயத்தமாக நிற்க வேண்டும் என்பது அமெரிக்கத் தொழிலாளர் பாதுகாப்பு விதி. உள்ளே உயிர் ஏதாவது சிக்கியிருந்தால் மாத்திரம் விலக்கு உண்டு. ஆக நாலு பேர். தீ நேரம் பார்த்தா வருகிறது? இரவும் பகலும் ஆள் வேண்டும். அங்கே பல ஊர்களில் 24 மணி நேரம் வேலை, 48 மணி நேரம் ஓய்வு என்று மூன்று முறை வைத்திருக்கிறார்கள். அப்படியானால் பன்னிரண்டு சம்பளம். லீவு, காய்ச்சல் தலைவலி என்றால் மாற்று ஆள் வேறு. அத்தனையும் ஒரே ஒரு வண்டிக்கு! இந்தச் சம்பளத்தில் பெரும்பகுதி, தீயே இல்லாமல் காத்திருக்கும் நேரத்துக்குத்தான் போகிறது.

சின்ன ஊர்கள் இதைத் தாங்குமா? அதனால்தான் அமெரிக்கத் தீயணைப்பு வீரர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு பேர் தொண்டர்களாக இருக்கிறார்கள். கடையில் சாமான் நிறுத்துக்கொண்டிருப்பவர், கூப்பாடு வந்ததும் தராசை அப்படியே விட்டுவிட்டு ஓட வேண்டியதுதான்.

நெருப்பில் பேரம் பேசுவது பழைய சமாசாரம். ரோமாபுரியில் கிராஸஸ் என்ற பிரபு, எரிகிற வீடுகளையும் அவற்றுக்குப் பக்கத்து வீடுகளையும் அடிமாட்டு விலைக்கு வாங்கிச் சொத்துச் சேர்த்தான் என்று புளூடார்க் எழுதிவைத்திருக்கிறார். லண்டனில் 1666-ஆம் வருஷத்துப் பெருந்தீக்குப் பிறகு இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் தலையெடுத்து, தாங்களே படைகள் வைத்து, தங்கள் வாடிக்கைக்காரர் வீட்டுச் சுவரில் உலோகத் தகடு அடித்தன. 1861-ல் டூலி தெருவில் கிடங்குகள் பற்றி எரிந்து, படைத்தலைவர் ஜேம்ஸ் பிரெய்ட்வுட் சுவர் இடிந்து விழுந்து மாண்டார். நஷ்டத்தைக் கண்ட கம்பெனிகள், இனி எங்களால் ஆகாது என்று கையை விரித்துவிட்டன. 1865-ல் சட்டம் வந்தது. பவுனுக்கு அரைப் பென்னி வரி. கம்பெனிகளும் சர்க்காரும் ஆளுக்கொரு பங்கு. அடுத்த வருஷம் முதல் படை பொதுச் சொத்தாயிற்று.

சவுத் ஃபுல்டனுக்கு வருவோம். 2011 டிசம்பரில் அதே கதை மறுபடி நடந்தது. ஒரு குடும்பத்தாரின் வீடு எரிய, படையினர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். சந்தா விஷயம் அவர்களுக்குத் தெரியாமல் இல்லை. நமக்கு எங்கே வரப்போகிறது என்று இருந்துவிட்டார்கள்.

2012-ல் நகரசபை விதியை மாற்றிற்று. சந்தா கட்டாதவர் வீட்டுக்கும் வண்டி போகும்; ஆனால் ஒரு தடவைக்கு 3,500 டாலர் கொடுக்க வேண்டும். வகுத்துப் பார்த்தேன். ஏறக்குறைய 47 வருஷத்துச் சந்தா!