எஜமானுக்கு வைத்த கல்லில் நாய்க்கும் இடம்! செங்கத்தில் 1,400 வருஷத்துப் பாசம்

ஜவ்வாது மலையின் தெற்கு அடிவாரத்தில் இருக்கிறது, செங்கம். சண்டையில் செத்த வீரர்களுக்காக நட்ட கற்கள் இந்த வட்டாரத்தில் ஏராளம். இவற்றுக்காகவே தொல்லியல் துறை 1972-ல் ஒரு புத்தகம் போட்டது.

அதில் எடத்தனூர் கல் தனி ரகம். வீரனுக்குப் பக்கத்தில் ஒரு நாயும் நிற்கிறது. சும்மா இல்லை, நாயின் பெயரையும் வெட்டி இருக்கிறார்கள். பெயர், "கோவிவன்"!

கடித்தது, காத்தது

பல்லவ மன்னன் மகேந்திரவர்மனின் 34-வது ஆட்சி ஆண்டு. அதாவது கி.பி. 7-ம் நூற்றாண்டு. மாடுதான் அப்போது சொத்து. மாடு பிடிக்க ஆள் வந்தால் வெட்டு, குத்துதான்.

கருந்தேவக்கத்தி என்ற வீரன் தன் எருமைகளைக் காக்கப் போராடி உயிரை விட்டான். கோவிவன் ஓடிப் போகவில்லை. திருடர்கள் 2 பேரைக் கடித்தது. அங்கேயே காவல் இருந்தது. இது பாட்டி கதை அல்ல, கல்வெட்டில் உள்ள சேதி.

நாய்க்கும் மனசு உண்டு என்று அந்த ஊர்க்காரர்களுக்கு யாரும் பாடம் நடத்தவில்லை. விஞ்ஞானிகள் இப்போதுதான் வருகிறார்கள். 2015-ல் ஜப்பானின் அசாபு பல்கலைக்கழகத்தில் ஒரு சோதனை நடந்தது. நாயும் வளர்ப்பவரும் கண்ணோடு கண் பார்த்தபடி இருந்தால், இருவர் உடம்பிலும் "ஆக்சிடோசின்" கூடுகிறதாம். தாய்க்கும் பிள்ளைக்கும் பாசம் ஊறும்போது சுரக்கிற அதே சரக்கு!

மொட்டை மாடி சிறை

நம்ம பட்டணத்தில் என்ன நடக்கிறது? அய்யா ஆபீசுக்கு, அம்மா வேலைக்கு, பிள்ளைகள் பள்ளிக்கூடம். நாய் மட்டும் மொட்டை மாடியில், 4 அடி சங்கிலியில். மூணு வேளை சோறு போட்டால் போதுமா?

சாயங்காலம் வந்து பார்த்தால் செருப்பு கிழிந்து கிடக்கும். "கொழுப்பு" என்று நாலு அடி விழும். பெரும்பாலும் அது கொழுப்பு அல்ல, தனிமை. அடிப்பதால் செருப்பு தப்பாது. உங்களைக் கண்டால் நாய் நடுங்கும், அவ்வளவுதான்.

எந்நேரமும் கட்டிப் போட்ட நாயை நடக்க விடாமல் வைத்திருப்பது 1960-ம் ஆண்டு பிராணி வதை தடுப்புச் சட்டப்படி குற்றம். முதல் தடவைக்கு அபராதம் 10 ரூபாயில் இருந்து 50 ரூபாய் வரை. ஓட்டலில் ஒரு காப்பி விலை! யார் பயப்படப் போகிறார்கள்?

தீபாவளி வந்தால் இன்னும் மோசம். மனிதன் காது வினாடிக்கு 20,000 அதிர்வு வரைதான் கேட்கும். நாய்க்கு சுமார் 45,000. மெல்லிய சத்தத்தையே பிடிக்கிற காதில் அணுகுண்டு வெடித்தால் எப்படி இருக்கும்? கட்டிலுக்கு அடியில் பதுங்கினால் இழுக்காதீர்கள். உள் அறையில் ஜன்னலைச் சாத்தி, ரேடியோவைப் பாட விட்டு, யாராவது ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்தால் பாதி பயம் போய்விடும். அதுவாக மடியைத் தேடி வந்தால் தடவிக் கொடுங்கள். செல்லம் கொடுத்தால் பயம் கூடும் என்பது வெறும் பேச்சு.

வெளியே கூட்டிப் போகும்போதும் அவசரம் வேண்டாம். கம்பத்துக்குக் கம்பம் நின்று மோந்து பார்க்கிறதே என்று சங்கிலியை இழுக்கிறார்கள். எந்த நாய் வந்தது, எது போனது என்று அங்கேதான் அதுக்குத் தெரிகிறது. அதுவும் மாலைப் பேப்பர் படிக்க வேண்டாமா?