தடைக்கு ஆன செலவு

கல்லூரிச் சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் எடுப்பதால் யாருக்கு எத்தனை இடம் போகிறது என்று அமெரிக்காவில் ஐம்பது ஆண்டுகளாக எண்ணிவருகிறார்கள். அதைத் தடுத்ததால் என்ன செலவாயிற்று என்று எண்ணியவர்கள் குறைவு. அந்தக் கணக்கைப் பார்க்கக் கலிஃபோர்னியாதான் சரியான இடம்.

நம் தமிழ்நாட்டின் 69 சதவீத இடஒதுக்கீட்டைப் போல எண் வைத்து ஒதுக்குவது அங்கே 1978இலேயே முடிந்துபோனது. கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் மருத்துவக் கல்லூரி 100 இடங்களில் 16ஐச் சிறுபான்மையினருக்கென ஒதுக்கியிருந்தது. பாக்கி வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. இனத்தைப் பல அம்சங்களில் ஒன்றாகப் பார்க்கலாம் என்ற அளவே மிஞ்சியது. 1995இல் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழக ஆட்சிக் குழு அதையும் கைவிட்டது. மறு ஆண்டு 54.6 சதவீத வாக்காளர்கள் 209ஆம் முன்மொழிவை ஆதரிக்க, மாநிலத்தின் அரசுக் கல்லூரிகள் அனைத்திலும் அது தடையானது.

விளைவு உடனே தெரிந்தது. 1997இல் அதே பல்கலைக்கழகத்தின் பெர்க்லி சட்டப் பள்ளி 14 கறுப்பின மாணவர்களுக்கு இடம் கொடுத்தது, ஒருவரும் சேரவில்லை. முந்தைய ஆண்டே இடம் பெற்றுத் தள்ளிப்போட்டிருந்த ஒருவர் மட்டும் வந்தார். ஏறத்தாழ 270 பேர் கொண்ட வகுப்பில் அவர் ஒருவரே கறுப்பினத்தவர். 2006இல் அதன் லாஸ் ஏஞ்சலிஸ் வளாகத்தில் ஏறத்தாழ 4,800 முதலாண்டு மாணவர்களில் சேரவிருந்த கறுப்பினத்தவர் 96 பேர். அவர்களில் 20 பேர் விளையாட்டு வீரர்கள்.

இந்த இழப்பைச் சரிக்கட்டாமல் பல்கலைக்கழகம் சும்மா இருக்கவில்லை. ஏழை மாவட்டப் பள்ளிகளுக்குப் போனது, பயிற்சி கொடுத்தது, நுழைவுத் தேர்வு மதிப்பெண்ணையே பின்னர் கைவிட்டது. 2004 முதல் இத்தகைய முயற்சிகளுக்கு 50 கோடி டாலருக்கு மேல் செலவிட்டதாக 2022இல் உச்ச நீதிமன்றத்திடம் அதுவே தெரிவித்தது. போதவில்லை என்பதையும் சேர்த்தே சொன்னது. பலன் இல்லாமல் இல்லை: 2021இல் இடம் பெற்ற கலிஃபோர்னிய முதலாண்டு மாணவர்களில் 37 சதவீதத்தினர் லத்தீன் வம்சாவளியினர். கறுப்பினத்தவர் 5 சதவீதம்.

பல்கலைக்கழகக் கணக்கில் வராத செலவு ஒன்று உண்டு. என்னை அதிகம் வருத்துவது அதுதான். பொருளாதார ஆய்வாளர் சக்கரி ப்ளீமர், 209க்கு முன்னும் பின்னும் விண்ணப்பித்தவர்களின் பிற்கால வாழ்க்கையைத் தொடர்ந்து பார்த்தார். கறுப்பின, லத்தீன் மாணவர்கள் தரவரிசையில் கீழே உள்ள வளாகங்களுக்குத் தள்ளப்பட்டார்கள். பட்டம் பெற்றவர்கள் குறைந்தார்கள். 24 முதல் 34 வயது வரை ஆண்டு வருமானம் சராசரியாக 5 சதவீதம் குறைந்தது. வலுவான கல்லூரியில் இவர்களால் தாக்குப்பிடிக்க முடியாது, கீழே படித்தால்தான் தேறுவார்கள் என்ற வாதத்துக்கு இந்த எண்களில் இடமே இல்லை.

2023 ஜூன் 29 அன்று, ஹார்வர்டை எதிர்த்த வழக்கில், உச்ச நீதிமன்றம் இந்தத் தடையை நாடு முழுவதற்கும் விரித்தது. அடுத்த ஆண்டே எம்.ஐ.டி.யில் கறுப்பினப் புதுமாணவர் முந்தைய சில ஆண்டுகளின் சராசரியான 13 சதவீதத்திலிருந்து 5ஆகவும், ஆம்ஹர்ஸ்ட் கல்லூரியில் 11இலிருந்து 3ஆகவும் இறங்கினர். எல்லா இடத்திலும் இப்படி இல்லை என்பதையும் எழுதவேண்டும்: யேலில் 14 சதவீதம் அப்படியே நின்றது, அங்கே குறைந்தவர்கள் ஆசியர்கள், 30இலிருந்து 24க்கு. ஓராண்டு எண்ணை வைத்துத் தீர்ப்பெழுத முடியாது. கலிஃபோர்னியாவின் கால் நூற்றாண்டு எண்ணை வைத்து எழுதலாம்.

இத்தனைக்கும் நடுவில் யாரும் தொடாத இடங்கள் இருந்தன. ஹார்வர்டில் இடம் பெற்ற வெள்ளையர்களில் 43 சதவீதத்துக்கு மேற்பட்டவர்கள் விளையாட்டு வீரர்கள், முன்னாள் மாணவர்களின் பிள்ளைகள், ஆசிரியர்களின் பிள்ளைகள், அல்லது நன்கொடையாளர் உறவு போன்றவற்றால் தனிப் பட்டியலில் வந்தவர்கள். அந்தத் தகுதி இல்லாவிட்டால் இவர்களில் நான்கில் மூவர் நிராகரிக்கப்பட்டிருப்பார்கள். இப்படிக் கணக்கிட்ட குழுவின் தலைவர் பீட்டர் ஆர்சிடியாகோனோ, ஹார்வர்டை எதிர்த்து வழக்குப் போட்டவர்களின் சாட்சி. இனச் சலுகை அநீதி என்று வாதாடியவர்களின் கையிலேயே இந்த எண்ணும் இருந்தது. தீர்ப்பு இந்தச் சலுகைகளைத் தடைசெய்யவில்லை.

2024இல் கலிஃபோர்னியா, மாநில உதவித்தொகை பெறும் தனியார் கல்லூரிகளிலும் முன்னாள் மாணவர், நன்கொடையாளர் பிள்ளைகளுக்கான இந்தப் பரம்பரைச் சலுகையைச் சட்டத்தால் தடுத்தது. ஸ்டான்ஃபோர்டு 2025இல் ஒரு முடிவெடுத்தது: ஏழை மாணவருக்கான மாநில உதவித்தொகைத் திட்டத்திலிருந்து விலகி, அந்தத் தொகையைத் தன் கையிலிருந்து கொடுப்பது, பரம்பரைச் சலுகையைத் தொடர்வது.