எண்ணுக்கு உருவம் தருவது யார்?

மின்நூல் படிக்கும் சில கருவிகளில் தமிழ்ப் புத்தகத்தைத் திறந்தால், எழுத்துகளுக்குப் பதில் வெறும் கட்டங்கள் தெரியும். ஏன் தெரியுமா? கருவிக்கு ஒவ்வோர் எழுத்தும் ஓர் எண்தான். யூனிகோடு முறையில் 'க'வின் எண் 2965. அந்த எண்ணுக்குரிய வடிவத்தைத் தருவதே எழுத்துரு. வடிவம் இல்லையேல் கட்டந்தான்! பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தமிழ் வடிவங்கள் ஆங்கில எழுத்துகளின் எண்களில் அமர்ந்துள்ளன. அவை இங்கே உதவா. 'நோட்டோ செரிஃப் தமிழ்' போன்ற யூனிகோடு எழுத்துருக்கள் இலவசமாகவே கிடைக்கின்றன.

எதைத் தேர்ந்தெடுப்பது? பல கருவிகளின் திரையில் ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகள். அப்படியானால் ஒரு புள்ளியின் அகலம் ஏறத்தாழ 0.085 மி.மீ. அதைவிட மெல்லிய கோடு கறுப்பாக விழாமல் சாம்பல் நிறமாக மங்கிவிடும். ஆகவே, கோடுகள் சற்றே தடித்தும், 'ஐ', 'ழ' போன்றவற்றின் சுழிகள் அடைபடாமலும் உள்ள எழுத்துருவே கண்ணுக்கு இதமானது.

இனி நிறுவுவோம். கோபோ கருவியைக் கம்பியால் கணினியோடு இணையுங்கள். கருவியின் சேமிப்பகத்தில் 'ஃபாண்ட்ஸ்' என்று ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் பெயரிட்டு ஒரு கோப்புறையை உருவாக்கி, எழுத்துருக் கோப்பை அதில் நகலெடுத்து வையுங்கள். முறைப்படி இணைப்பைத் துண்டித்தபின், புத்தகத்தைத் திறந்து எழுத்துருப் பட்டியலில் அதன் பெயரைத் தொடுங்கள்.

இப்போது 'கொ' என்னும் எழுத்தைத் தேடிப் பாருங்கள். கொம்பு 'க'வுக்கு முன்னும், துணைக்கால் பின்னும் நின்றால் வெற்றி! இல்லையேல் வேறோர் எழுத்துருவை முயலுங்கள்.