யா, மா: இரண்டெழுத்துச் சிக்கல்

தொல்காப்பிய எழுத்ததிகாரத்தை நச்சினார்க்கினியர் உரையோடும் புன்னாலைக்கட்டுவன் சி. கணேசையரின் குறிப்புகளோடும் சுன்னாகத்தில் 1937 இல் அச்சிட்டார்கள். கணினி விஞ்ஞானம் படித்த ஒருவர் அதைப் புரட்டினால் நூன்மரபிலும் மொழிமரபிலும் நின்றுவிடுவார். சொல்லின் முதலில் எது வரும், ஈற்றில் எது வரும், எந்த மெய்யோடு எந்த மெய் மயங்கும் என்பதெல்லாம் அங்கே விதியாக இருக்கின்றன. யகரம் ஆகாரத்தோடு மட்டுமே சொல்லைத் தொடங்கும். ர், ழ் இரட்டிக்கா. இவற்றைச் சரிபார்க்க, சொல்லை ஒரே தடவை வாசித்துக்கொண்டு போனால் போதும். கடைசியாகக் கடந்த இரண்டு மூன்று எழுத்துகள் நினைவிருந்தால் சரி.

இப்படி, அளவு குறித்த நினைவை வைத்துக்கொண்டே சோதித்து முடிக்கக்கூடிய எழுத்துத் தொடர்களின் தொடைக்கு ஒழுங்கு மொழி என்று பெயர். அமெரிக்கக் கணிதர் ஸ்டீபன் கிளீனி 1951 இல் எழுதிய அறிக்கையில் இதற்கான அத்திவாரம் இருக்கிறது. பொருள் உண்டா இல்லையா என்பது இங்கே கணக்கில்லை. வரிசை விதிக்கு அடங்கினால் அது மொழியின் மூலகம், அவ்வளவுதான்.

ஒழுங்கு மொழியொன்றின் தொடைப்பிரிவும் ஒழுங்காகத்தானே இருக்கும், சின்னதைச் சோதிப்பது இன்னும் சுலபமல்லவா என்று சாதாரண தரத்தில் தொடை படித்த எவருக்கும் தோன்றும். அது பிழை.

யா, மா என்ற இரண்டு எழுத்துகளை மட்டும் எடுப்போம். இரண்டும் சொல்லுக்கு முதலிலும் வரும், ஈற்றிலும் வரும். எனவே இவற்றை எப்படிக் கோத்தாலும் எழுத்து விதி மீறப்படாது. மாமா, யாமாமா, மாயாமாயா எல்லாம் செல்லும். இந்தத் தொடையைச் சோதிக்க நினைவே தேவையில்லை. இனி, இவற்றுள் விகடகவி போல முன்னிருந்தும் பின்னிருந்தும் ஒன்றாக வாசிக்கப்படுபவற்றை மட்டும் பிரித்தெடுப்போம். சம்பந்தர் மூன்றாந் திருமுறையில் ஒரு பதிகம் முழுவதையும் இப்படி மாலைமாற்றாகவே பாடியிருக்கிறார். அவரும் இந்த எழுத்துகளை விட்டுவைக்கவில்லை.

நினைவாகப் பத்து நிலைகள் மட்டுமே கொண்ட ஓர் இயந்திரத்திடம் மாலைமாற்றைச் சோதிக்கக் கொடுப்போம். யா ஒன்றும் வாசிக்காதபோது, ஒன்று வாசித்தபோது, இரண்டு வாசித்தபோது என்று பத்து வரை போனால் சந்தர்ப்பங்கள் பதினொன்று. நிலைகளோ பத்து. ஆகவே எங்கேயோ இரண்டு சந்தர்ப்பங்களில் அது ஒரே நிலையில் வந்து நிற்கும். மூன்று யாவிலும் ஏழு யாவிலும் அப்படி நேர்ந்ததென்று வைப்போம். தொடர்ந்து ஒரு மாவும் மூன்று யாவும் கொடுத்தால் இரண்டுக்கும் அது சொல்வது ஒரே பதில்தான். முதலாவதற்கு ‘ஆம்’ சரி. இரண்டாவதற்கு அதே ‘ஆம்’ பச்சைப் பிழை. நிலைகளைப் பத்தாயிரமாக்கினாலும் இதே கதி. மாலைமாற்று ஒழுங்கு மொழியன்று.

இது முடிவில்லாத தொடைக்குத்தான் பொருந்தும். 1842 இல் வெளிவந்த மானிப்பாய் அகராதியில் 58,500 சொற்கள் இருப்பதாகச் சொல்வார்கள். அதிலுள்ள மாலைமாற்றுகளை மட்டும் கேட்டால், பட்டியலை அப்படியே இயந்திரத்தின் நிலைகளில் எழுதிவிடலாம். எண்ணிக்கை முடிவுள்ள எந்தத் தொடையும் ஒழுங்கானதே.

சரி, ஒழுங்கற்ற மாலைமாற்றுக்கு உள்ளே என்ன இருக்கிறது? மா, மாமா, மாமாமா என்று மாவால் மட்டும் ஆன தொடர்கள். அவை எல்லாமே மாலைமாற்று. அந்தத் தொடையோ பரம ஒழுங்கு. அதற்குள்ளும் 1, 4, 9, 16 என்று வர்க்க எண்ணிக்கையில் மா வருபவற்றை மட்டும் எடுத்தால் ஒழுங்கு மறுபடி குலைகிறது. ஒரே எழுத்தை வாசிக்கும் இயந்திரம் ஒருகட்டத்தில் வட்டமடிக்கத் தொடங்கும். பிறகு அது ‘ஆம்’ சொல்வதும் மாறாத இடைவெளிகளின் சுழற்சியிலேயே. வர்க்கங்களின் இடைவெளியோ 3, 5, 7 என்று நீண்டுகொண்டே போகிறது. ஒழுங்குக்குள் ஒழுங்கின்மை, அதற்குள் ஒழுங்கு, அதற்குள் மறுபடியும் ஒழுங்கின்மை. ஒன்றுக்குள் ஒன்று அடங்குவதை வைத்து எது கடினம் என்று சொல்லவே முடியாது.

மாவை மட்டும் வைத்தே எத்தனை தொடைப்பிரிவுகள் செய்யலாம்? ஒரு மா சேருமா, இரண்டு மா சேருமா என்று முடிவில்லாத ஆம்-இல்லை வரிசை ஒவ்வொன்றும் ஒரு தொடைப்பிரிவு. இவ்வரிசைகளை இலக்கமிட்டு அடக்க முடியாது என்று கணிதர் கேன்டர் 1891 இல் நிறுவினார். கணினி நிரல்களையோ ஒன்று, இரண்டு என்று இலக்கமிட்டு அடுக்கலாம். ஆகவே மா என்ற ஓரெழுத்தின் தொடைப்பிரிவுகளிற் பெரும்பாலானவற்றைச் சோதிக்க ஒழுங்கு இயந்திரம் மட்டுமல்ல, எந்த நிரலுமே கிடையாது. இனி எழுதப்போகும் நிரல்களையும் சேர்த்துத்தான்.