இன்ஜின் ரூமில் யார் பேசலாம்?

மென்பொருள்காரனுக்கு, அதுவும் வடகரைக்காரனுக்குக் கப்பலில் என்ன வேலை என்று கேட்கலாம். ஒரு பெரிய எந்திரத்தை நாலைந்து பேர் சேர்ந்து எப்படி ஓட்டுகிறார்கள் என்பதில் எனக்கு எப்பவுமே ஆர்வம் உண்டு. அதற்கு வணிகக் கப்பலின் இன்ஜின் ரூமைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

அங்கே தலைவர் சீஃப் இன்ஜினியர். கீழே செகண்ட், தேர்டு, ஃபோர்த். அதற்கும் கீழே ஃபிட்டர், ஆயிலர், வைப்பர். இந்தியர்கள் வேலை பார்க்கும் கப்பல்களில் சீஃபை 'படா சாப்' என்பார்கள். தேர்டு 'தீன் சாப்', ஃபோர்த் 'சார் சாப்'. இந்த 'சார்' நம்ம ஊர் சார் இல்லை, இந்தியில் நாலு!

பழைய வழக்கப்படி 4–8 செகண்டின் வாட்ச், 8–12 ஃபோர்த், 12–4 தேர்டு. நாலு மணி நேரம் வேலை, எட்டு மணி நேரம் இடைவெளி. எந்திரங்களிலும் பாகப்பிரிவினை உண்டு. மெயின் இன்ஜின் பெரும்பாலும் செகண்டுக்கு, ஜெனரேட்டர்கள் தேர்டுக்கு, பியூரிஃபையர், பம்பு எல்லாம் ஃபோர்த்துக்கு.

தீப்பிடித்தால் விவாதம் நடத்த முடியாது. அதனால் இந்தப் படிநிலை தேவைதான். ஆனால் கட்டளை மேலிருந்து கீழே வருகிற மாதிரி, செய்தி கீழிருந்து மேலே போயாக வேண்டும். சிக்கல் அங்கேதான்.

2024 மார்ச் 26 அன்று அமெரிக்காவின் பால்டிமோரில் 'டாலி' என்ற சரக்குக் கப்பல் மின்சாரம் இழந்து பாலத்தில் மோதியது. பாலத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்த 6 தொழிலாளர்கள் இறந்தார்கள். கப்பலில் இருந்தவர்கள் அநேகமாக எல்லோரும் இந்தியர்கள். முதல் மின்தடைக்குக் காரணம் சரியாகப் பொருந்தாத ஒரு ஒயர் என்று அமெரிக்க விசாரணை அமைப்பு கண்டுபிடித்தது. இரண்டாவதுக்குக் காரணம் வேறு. ஜெனரேட்டர்களுக்கு எரிபொருள் அனுப்ப, அந்த வேலைக்கென்று இல்லாத ஒரு பம்பை ஓட்டியிருந்தார்கள். மின்சாரம் போய் வந்தால் அது தானாக மறுபடி ஓடாது.

ஒயர் ஒளிந்திருந்த கோளாறு. பம்பு அப்படியில்லை, அது ஒரு பழக்கம். மேற்பார்வைக் குறைவையும் விசாரணை சுட்டியது. இப்படி ஒரு பழக்கத்தை ஏதோ ஒரு கப்பலில் ஒரு ஃபோர்த் இன்ஜினியர் பார்க்கிறார் என்று வையுங்கள். கேள்வி கேட்பாரா? அடுத்த தேர்வு எழுத அவருக்குக் கடல் அனுபவச் சான்று வேண்டும். அதில் சீஃபின் கையெழுத்து வேண்டும். சண்டை வந்தால் சாயங்காலம் வீட்டுக்குப் போய்விடவும் முடியாது, ஒப்பந்தம் முடிய இன்னும் பல மாதம் இருக்கும்.

இதெல்லாம் தெரிந்துதான் கடலோடிகளுக்கான சர்வதேசப் பயிற்சி விதிகளில் 2010 மணிலா திருத்தம் வந்தது. தயங்காமல் எடுத்துச் சொல்வதையும் இன்ஜினியரின் தகுதிகளில் ஒன்றாக அது சேர்த்தது. முடிவெடுப்பதில் சந்தேகம் வந்தால் உடனே சீஃபைக் கூப்பிட வேண்டும் என்பதும் விதி.

விதி இருக்கட்டும். நடுராத்திரி ரெண்டு மணிக்குத் தன்னை எழுப்பியவரிடம், போய்ப் பார்த்தால் ஒன்றுமில்லை என்றாலும், படா சாப் எப்படிப் பேசுகிறார்? அதைப் பொறுத்துத்தான் அடுத்த தடவை அந்த போன் அடிக்கும்.