வலைத்தளச் சான்றிதழ்: கோளாறு எங்கே என்று பார்ப்பது எப்படி?

நம் வணிகர்களில் சிலர் இணையக் கடையை வெளியாரிடம் ஒப்படைக்காமல், அலுவலகத்தில் ஒரு கம்ப்யூட்டரையே சர்வராக வைத்து நடத்துகிறார்கள். மாத வாடகை மிச்சம்தான். ஆனால் வாடிக்கையாளரின் கைபேசியில் "இந்த இணைப்பு பாதுகாப்பானது அல்ல" என்ற எச்சரிக்கை வந்துவிட்டால் ஆர்டர் அத்தோடு நின்றுபோகும். எச்.டி.டி.பி.எஸ். சான்றிதழில் எங்கோ கோளாறு என்பது அதன் பொருள்.

இந்த முகவரி உங்களுடையதுதான் என்று பிரவுசருக்கு உறுதி சொல்வது சான்றிதழ். மின்னணுத் தராசுக்கு ஆண்டுதோறும் மறுமுத்திரை பெறுகிறோம் அல்லவா? அதுபோல இதற்கும் காலக்கெடு உண்டு. 2015 முதல் இலவசமாக வழங்கிவரும் லெட்ஸ் என்கிரிப்ட் நிறுவனம் தொடக்கத்தில் வைத்த கெடு 90 நாள்.

எச்சரிக்கை வந்தால் பதறிப்போய் எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி நிறுவ வேண்டியதில்லை. திரையில் என்ன காரணம் போட்டிருக்கிறது என்று முதலில் படியுங்கள். பெயர் பொருந்தவில்லை என்றிருந்தால், 'டபிள்யூ டபிள்யூ டபிள்யூ' சேர்த்த முகவரிக்கும் சேர்க்காத முகவரிக்கும் சேர்த்துச் சான்றிதழ் வாங்கவில்லை என்பதே பெரும்பாலும் காரணம். ஒரே ஒருவருக்கு மட்டும் எல்லாத் தளங்களிலும் எச்சரிக்கை வந்தால் அவருடைய கருவியில் தேதி தவறாக இருக்கலாம்.

குழப்பம் அதிகம் தருவது இன்னொன்று. நம் கம்ப்யூட்டரில் தளம் நன்றாகத் திறக்கும். வேறு சிலருக்குத் திறக்காது. சர்வர் தன் சான்றிதழை மட்டும் காட்டி, அதற்குச் சாட்சி சொல்லும் இடைநிலைச் சான்றிதழைக் காட்டாமல் விட்டதே காரணம். சில பிரவுசர்கள் அதைத் தாமே தேடிக்கொள்ளும்; எல்லாம் அப்படியல்ல. பணம் வந்த செய்தியை நம் சர்வருக்கு அனுப்பும் கட்டண நிறுவனத்தின் கம்ப்யூட்டரும் இதனால் இணைப்பை மறுக்கக்கூடும். வாடிக்கையாளர் பணம் கட்டியிருப்பார். நம் கணக்கில் ஆர்டர் நிலுவையில் நிற்கும். என்ஜின்எக்ஸ் சர்வர் வைத்திருப்போர் அதன் அமைப்பில் 'செர்ட்' என்ற கோப்புக்குப் பதிலாக 'ஃபுல்செயின்' என்ற கோப்பைக் குறிப்பிட்டால் தீர்ந்துவிடும்.

காலாவதிதான் காரணம் என்றால், தானாகப் புதுப்பிக்கும் ஏற்பாடு எங்கோ நின்றிருக்கிறது. 80ஆம் எண் போர்ட் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். பாதுகாப்புக்கென்று அதை மூடிவிட்டு 443ஐ மட்டும் விட்டு வைப்போர் பலர். வழக்கமான முறையில் முகவரியைச் சரிபார்க்க வருபவர் முதலில் தட்டுவது 80ஆம் கதவைத்தான். டொமைன் பதிவில் பழைய ஐ.பி. வெர்ஷன் 6 முகவரி தங்கியிருந்தாலும் சோதனை தவறிப்போகும். இணைய நிறுவனம் பல வாடிக்கையாளர்களை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைத்திருந்தால் வெளியிலிருந்து எதுவும் உள்ளே வராது. அவர்கள் நிலையான முகவரி கேட்டு வாங்க வேண்டும். டொமைன் பதிவில் ஒரு வரி சேர்த்து நிரூபிக்கும் முறையில் சான்றிதழ் கிடைத்துவிடும் என்றாலும், வாடிக்கையாளர் உள்ளே வரவும் வழி வேண்டுமே!

புதிய கோப்பு வந்த பிறகும் பழைய தேதியே காட்டுகிறதா? சர்வர் நிரல் அதை இன்னும் படிக்கவில்லை. புதுப்பித்ததும் நிரலை ரீலோட் செய்யும் கட்டளையையும் சேர்த்தே எழுதி வைக்க வேண்டும்.

கெடு நெருங்குகிறது என்று லெட்ஸ் என்கிரிப்ட் அனுப்பிவந்த மின்னஞ்சல் 2025 ஜூன் 4ஆம் தேதியோடு நின்றுவிட்டது. அதை நம்பியிருந்தோர் கடை நாட்குறிப்பில் தேதியைக் குறித்துக்கொள்வது நல்லது. 2029 மார்ச் 15க்குப் பின் எந்த நிறுவனமும் பொதுச் சான்றிதழை 47 நாளுக்கு மேல் வழங்கக் கூடாது என்று 2025இல் முடிவாகியிருக்கிறது. கையால் புதுப்பித்து வருபவர்களுக்கு இனிக் கட்டுப்படியாகாது.

செர்ட்பாட் நிரல் வைத்திருப்போர் 'டிரை ரன்' என்ற ஒத்திகையை மாதம் ஒருமுறை ஓட்டிப் பார்க்கலாம். உண்மையான விண்ணப்பத்தில் ஒரு மணி நேரத்துக்குள் 5 முறை சோதனை தவறினால் சற்று நேரம் கதவடைத்து விடுவார்கள். ஒத்திகைக்கு அந்தக் கணக்கு கிடையாது.