பூட்டை உடைத்தேன்... பூட்டிவிட்டார்கள்!

‘ஓசியில் கிடைத்தால் பினாயிலைக்கூடக் குடிப்பான்’ என்பார்கள். நான் குடித்தேன் ஸார். என் கம்ப்யூட்டருக்கும் ஒரு டம்ளர் ஊற்றிக் கொடுத்தேன்!

சனிக்கிழமை சாயங்காலம், கிளம்புகிற நேரத்தில் மேனேஜர் நூற்றிருபது பக்க பி.டி.எஃப். ஃபைல் ஒன்றைத் தலையில் கட்டினார். “திங்கக்கிழமை காலையில இது எக்ஸெல்ல வேணும்ப்பா!”

மாற்றித் தருகிற சாஃப்ட்வேரின் விலையைப் பார்த்தேன். மயக்கம் வந்தது. மயக்கம் தெளிந்ததும் வீட்டுக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து, ‘ஃப்ரீ... ஃபுல் வெர்ஷன்... கிராக்’ என்று தட்டினேன். கிராக் என்றால் வேறொன்றுமில்லை, கம்பெனிக்காரன் போட்ட பூட்டை எவனோ உடைத்துக் கொடுப்பது.

ஒரு பக்கம் திறந்தது. அதில் நாலு பச்சைப் பட்டன், நாலிலும் ‘டவுன்லோட்’. கோயில் வாசலில் நம்ம செருப்பைத் தேடுவது மாதிரி தேடி, ஒன்றை அமுக்கினேன்.

கூடவே ஒரு குறிப்பு: ‘முதலில் ஆன்ட்டி-வைரஸை அணைத்துவிடவும்.’ திருட வருகிறவன் முன்கூட்டியே போன் பண்ணி, “நாயைக் கொஞ்சம் கட்டிப் போட்டுடுங்க ஸார்” என்கிறான். நானும் சமர்த்தாகக் கட்டிப் போட்டேன்!

ஜிப் ஃபைலுக்கு பாஸ்வேர்ட் வேறு. ‘அடடா, எவ்வளவு பாதுகாப்பா அனுப்பியிருக்கான்’ என்று மெச்சிக்கொண்டேன். உள்ளே என்ன இருக்கிறது என்று ஆன்ட்டி-வைரஸ் எட்டிப் பார்க்கக்கூடாது என்பதற்காகக் கட்டிய கோணிச் சாக்கு அது என்பது பிற்பாடுதான் தெரிந்தது.

இன்ஸ்டால் செய்தேன். ஒன்றும் நடக்கவில்லை. போய்ப் படுத்துவிட்டேன்.

காலையில் பார்த்தால் எல்லா ஃபைலுக்கும் பின்னால் புதுசாக ஒரு வால். எதுவும் திறக்கவில்லை. ஒரு கடிதம் மட்டும் திறந்தது. ‘சாவி வேண்டுமென்றால் 980 டாலர். 72 மணி நேரத்துக்குள் தொடர்பு கொண்டால் 490 டாலர்.’ ஆடித் தள்ளுபடியை மிஞ்சிய தள்ளுபடி!

“ஏங்க... மாமா போட்டோவெல்லாம்?” என்றாள் மனைவி.

அப்போதுதான் அடிவயிறு கலங்கியது. அப்பாவின் அறுபதாம் கல்யாணப் போட்டோக்கள் அத்தனையும் அதில்தான். அப்பா போய் இரண்டு வருஷம். திவசத்துக்குள் ஒன்றைப் பெரிசு பண்ணி மாட்டணும் என்று அம்மா சொல்லியிருந்தாள். வேறு எங்கேயும் காப்பி கிடையாது.

ஆபீஸ் சிஸ்டம்ஸ் பையனுக்குப் போன் போட்டேன். “பணம் மட்டும் கட்டிடாதீங்க ஸார். கட்டினாலும் சாவி தருவான்கிறதுக்கு என்ன கேரண்டி? மொதல்ல நெட்டைப் பிடுங்குங்க. வேற மெஷின்ல இருந்து பேங்க், மெயில் பாஸ்வேர்டையெல்லாம் மாத்துங்க. இவன் கூடவே பாஸ்வேர்ட் திருடறவனையும் கூட்டிட்டு வருவான்!”

என்னைப் பிடித்தது ‘ஸ்டாப்’ என்கிற வம்சமாம். 2018 வாக்கிலிருந்து பெரும்பாலும் கிராக் ஃபைல்களுக்குள் ஒளிந்துதான் ஊர் சுற்றுகிறது. 2019 அக்டோபரில் எம்சிசாஃப்ட் கம்பெனி இதன் 148 ரகங்களுக்கு இலவச மாற்றுச் சாவி வெளியிட்டது. நெதர்லாந்து போலீஸும் யூரோபோலும் சேர்ந்து 2016-ல் ஆரம்பித்த ‘நோ மோர் ரான்சம்’ தளத்திலும் இப்படிச் சாவிகள் இலவசமாகக் கிடைக்கும். ஆசையாகத் தேடினேன். என் ரகத்துக்கு மட்டும் சாவி இல்லை. என் ராசி அப்படி!

“இனிமே எதை அமுக்கறதுக்கு முன்னாடியும் வாலைப் பாருங்க ஸார்” என்றான் பையன். 2000-ம் வருஷம் மே மாசம் மணிலாவிலிருந்து கிளம்பிய ‘ஐ லவ் யூ’ வைரஸ் இதே வால் வித்தைதான். பெயரில் ‘டி.எக்ஸ்.டி.’ என்று சாதுவாகத் தெரியும். அதற்குப் பின்னாலிருந்த ‘வி.பி.எஸ்.’ என்ற நிஜ வாலை விண்டோஸ் மறைத்துவிட்டது. காதல் கடிதம் என்று உலகமே திறந்தது. பிரிட்டிஷ் பார்லிமென்ட்டே மெயிலை நிறுத்தி வைக்கவேண்டியதாயிற்று!

காதலுக்கு அடுத்தது கல்யாணம்தானே? 2024-ல் வாட்ஸ்அப்பில் கல்யாணப் பத்திரிகை என்று ஃபைல்கள் வந்தன. வால் மட்டும் ‘ஏ.பி.கே.’. அமுக்கினால் பத்திரிகை வராது, ஒரு ஆப் உட்கார்ந்துகொள்ளும். எஸ்.எம்.எஸ். படிக்க அனுமதி கேட்கும். கொடுத்தால் உங்கள் ஓ.டி.பி.யை அவன் படிப்பான். மொய் நேராக பேங்க்கிலிருந்தே போய்விடும்! அப்படிப் போய்விட்டால் தாமதிக்காமல் 1930-க்குப் போன் பண்ணுங்கள்.

திங்கட்கிழமை மேனேஜரிடம் அசடு வழிந்தேன். அவர் ஹெட் ஆபீஸுக்குப் போன் போட்டார். அவர்கள் சொன்னார்கள்: “எக்ஸெல் ஒரிஜினல் எங்ககிட்டதானே இருக்கு! கேட்டிருந்தா அப்பவே அனுப்பியிருப்போமே?”

ஒரே ஒரு போன் கால்!

அத்தையின் பழைய போனில், எப்போதோ வாட்ஸ்அப்பில் அனுப்பிய ஒரு போட்டோ மட்டும் கிடைத்தது. பெரிசு பண்ணினால் புள்ளி புள்ளியாகத் தெரிகிறது. மாலை போட்டு மாட்டிவிட்டு, தயங்கித் தயங்கி உண்மையைச் சொன்னேன். அம்மா கொஞ்ச நேரம் போட்டோவையே பார்த்தாள்.

“போடா... உங்கப்பா எந்தக் காலத்துல ஓசியில ஒண்ணு வாங்கினார், நீ வாங்கறதுக்கு?” என்றாள்.

இப்போது போட்டோக்களுக்கு இரண்டு காப்பி எடுக்கிறேன். ஒன்று கம்ப்யூட்டரில். இன்னொன்று, ஒயரைப் பிடுங்கி பீரோவில் வைத்த ஹார்ட் டிஸ்க்கில். அதை மட்டும் காசு கொடுத்துத்தான் வாங்கினேன். பில்லோடு!